நெடுங்கரட்டில் வேர்வை பெய்த வாரம்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், நெடுங்கரட்டு ஊர்க் கேபிளில் செய்தி வாசிக்கிற பூங்கோதை சொன்ன வானிலை ஒரு சொல் பிசகாமல் பலித்தது. பகலில் வெப்பம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும், பிற்பகலில் மேற்கே மேகம் திரண்டு இடி மின்னலுடன் மழை பெய்யும், வாரம் முழுக்க இதே நிலை நீடிக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் வாசித்தாள். திங்கட்கிழமை தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி காய்ந்து, காக்கைகள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்து, டீக்கடைகளில் சாயங்காலப் பால் ஏறுகிற நேரத்துக்குக் கரட்டுக்குப் பின்னாலிருந்து மேகம் எழுந்து, இடி இடித்து, மழை பெய்தது. பெய்தது தண்ணீர் இல்லை, வேர்வை.

ரெண்டு வருசமாக நல்ல மழை பார்க்காத ஊர். முதல் துளி விழுந்ததும் ஆணும் பெண்ணும் தெருவுக்கு ஓடிவந்து முகத்தை அண்ணாந்து வாயைத் திறந்தார்கள், திறந்த வேகத்திலேயே மூடினார்கள். வெதுவெதுப்பாக இருந்தது, பிசுபிசுத்தது, உதட்டில் கரித்தது, கண்ணில் விழுந்து எரிந்தது. மழை விட்டபோது மண்வாசம் வரவில்லை. முகூர்த்த நாளில் டவுன் பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு நிற்கிறவனின் அக்குளுக்குக் கீழே நம் மூக்கு மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி ஊரே நாறியது.

பூங்கோதை அருவருப்புக்குப் பேர்போனவள். ஈ உட்கார்ந்த தட்டில் சாப்பிட மாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில், கடையில் வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உள்ளே எடுத்துவந்ததை மாமியார் ருக்குமணி இன்றும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அன்றைக்கு மொட்டை மாடியில் காய்ந்த வடகத்தை அள்ளப் போனவள் முழுசாக நனைந்துவிட்டாள். கீழே வந்து தலையோடு குளித்தாள். துவட்டிக்கொண்டு வெளியே வந்தவள் தன் கையையே முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்க் குளித்தாள்.

"ஏங்கண்ணு, தொட்டியக் காலி பண்ணிடாத," என்று ருக்குமணி வெளியிலிருந்து குரல் கொடுத்தாள். "வேர்வைதான? மனுச ஒடம்புல வராததா?"

ஊரும் அதைத்தான் சொன்னது. செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு அதே மழை வந்தபோது ஊர் ஓரளவு பழகியிருந்தது. துணியை மதியத்திலேயே எடுத்து உள்ளே போட்டுவிட்டார்கள், சாயங்காலக் குளியலை மழைக்குப் பிறகு என்று தள்ளி வைத்தார்கள், மறந்துபோய்க் கொடியில் விட்ட வேட்டிகளில் உப்பு பூத்துக் கண்டமும் தீவுமாகப் படம் விழுந்திருந்ததை உதறிக் கட்டிக்கொண்டார்கள். ஆடுகள் புல்லை விட்டுவிட்டு வீட்டுச் சுவர்களை நக்கின. மாடுகள் பால் கறக்க வருகிறவர்களின் முழங்கையை நக்கின. மல்லிகைச் செடிகள் கருகின, சோப்பு நன்றாக விற்றது. ஓய்வு பெற்ற தர்மலிங்க வாத்தியார், வெயிலில் ஆவியானதெல்லாம் எங்கேதான் போகும், மேலே போனது கீழே வருகிறது, இதிலே அதிசயப்பட என்ன இருக்கிறது என்று விளக்கம் சொல்ல, அதுவும் சரிதான் என்று கேட்டவர்கள் கலைந்து போனார்கள்.

புதன்கிழமை காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் அதைக் கேட்டார்.

"வேர்வைங்கறது செரி. யாரோட வேர்வை?"

பக்கத்தில் இருந்தவர் வாயில் இருந்த டீயை அப்படியே துப்பினார்.

அதற்குப் பிறகுதான் நெடுங்கரட்டுக்குக் குமட்டல் வந்தது. ரெண்டு நாள் உடம்பில் ஊறிப்போனதை நினைத்து ஆண்கள் வேப்பங்குச்சியால் நாக்கை ரத்தம் வர வழித்தார்கள். கோயில் நடையைச் சாத்தி, கோபுரத்திலிருந்து படித்துறை வரைக்கும் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். பெண் பார்க்க வந்த பக்கத்து ஊர்க்காரர்கள், பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, பெண் மழையில் நின்றாளா என்று மட்டும் கேட்டுவிட்டு, டம்ளரைத் தொடாமல் எழுந்து போனார்கள். வேர்வை என்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. அது ஊருக்குக் கிழக்கே, செங்கல் சூளையில் கல் அறுக்கிற காலனி ஆட்களின் வேர்வையாக இருக்குமோ என்பதுதான் எல்லாரையும் பிடித்து உலுக்கியது. வீட்டுக்குள் இருந்தபடி அதைக் கேள்விப்பட்ட பூங்கோதைக்கும் அடிவயிற்றிலிருந்து ஒன்று புரண்டு எழுந்து தொண்டையில் நின்றது. திங்கட்கிழமை வராத குமட்டல் இப்போது எதற்கு வருகிறது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஓடிப்போய் வாயைக் கொப்பளித்தாள்.

அன்று சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூடியது. அந்தச் சாதிப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ‘அவங்க’ என்றார்கள், ‘அந்தப் பக்கம்’ என்றார்கள், ‘நான் வித்தியாசம் பாக்கறவன் இல்ல, ஆனா’ என்று ஆரம்பித்தார்கள். சூளையை மூடிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது பூங்கோதையின் மாமனார் கந்தப்பர் எழுந்தார். சூளை அவருடையது.

"சீசன்ல சூளைய மூடிட்டு நான் என்ன பண்றது? வேர்வை மேல போனாத்தான மழையா வரும்? போவாம பண்ணிட்டாப் போச்சு. சூளையில வெக்காத பச்சைக்கல்லு நனையாம மூடறதுக்கு எங்கிட்டத் தார்ப்பாய் கெடக்குது. சுத்தி அடிச்சு, மேலயும் இழுத்துக் கட்டிடறேன். உள்ளயே வேல செய்யட்டும். அவங்க வேர்வை அவங்களோட இருக்கட்டும்."

மண்டபம் கைதட்டியது. கந்தப்பரின் மகனும் பூங்கோதையின் கணவனுமான இளவழகன்தான் கேபிள் நடத்துகிறவன். அவன் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். கடும் வெயிலைக் கருதியும் தொழிலாளர் நலனைக் கருதியும் சூளை முழுவதற்கும் நிழற்கூரை அமைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. பூங்கோதை அதைத் தெளிவான உச்சரிப்பில் வாசித்தாள்.

வியாழக்கிழமை அதைப் படம் பிடிக்க இளவழகன் அவளையும் அழைத்துப் போனான். பொட்டல் நடுவே நீலத் தார்ப்பாய்கள் காற்றுப் போக ஒரு சந்து இல்லாமல் இழுத்துக் கட்டப்பட்டு, தூரத்திலிருந்து பார்க்கும்போது தரையில் ஒரு குளம் கிடக்கிற மாதிரி அழகாகத்தான் இருந்தது. வாசலுக்கு வந்து நின்ற எல்லப்பனை அவளுக்குத் தெரியும். அந்தச் சூளையில் அவனைப்போல வேகமாகக் கல் அறுக்கிற ஆள் கிடையாது. இடுப்பில் நனைந்த துண்டோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பின்னால் அவன் மனைவி மாதம்மாள் மண் மிதித்த காலோடு நின்றாள்.

"நலம்னு டிவியில சொன்னீங்களாமே சின்னம்மா," என்றான் எல்லப்பன். குரலில் கோபம் இல்லை. "ஒரு நிமிசம் உள்ள வந்து நின்னு பாருங்க."

அவள் போனாள். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற ஆவி மாதிரி ஒன்று அடித்தது. சேற்றில் குனிந்திருந்த அத்தனை உடம்புகளிலிருந்தும் எழுந்த ஆவி, மேலே போக வழியில்லாமல் தார்ப்பாயின் அடிப்பக்கத்தில் கோத்துக் கோத்து நின்று, கனம் தாங்காமல் அவர்கள் முதுகு மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு மழ இங்கயே பேஞ்சுக்குது," என்றாள் மாதம்மாள்.

பூங்கோதை மூக்கைப் பொத்தவில்லை. பொத்தக்கூடாது என்று கையைப் புடவையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நிற்கவும் முடியவில்லை. வெளியே வந்து வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றாள். இளவழகன் வாசலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினான். "ஒரு பக்கமாவது தூக்கிக் கட்டச் சொல்லுங்க, உள்ள மனுசங்க இருக்க முடியாதுங்க," என்று வழியில் அவனிடம் சொன்னாள். "மழக்காலம் வந்தாக் கழட்டிடுவாங்க கோதை," என்றான் அவன்.

அன்று பிற்பகலும் இடி இடித்தது, மேகம் திரண்டது, வேர்வைதான் பெய்தது. ஊர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டினார்கள். அப்புறம் இன்னொருவர். அந்த மழையில் சவ்வாது வாசம் வந்தது; கூந்தல் தைலம், முகப் பவுடர், மூக்குப்பொடி, மெத்தையில் புரண்டு எழுந்த மத்தியானத் தூக்கத்தின் புழுங்கல் எல்லாம் வந்தது. தர்மலிங்க வாத்தியார் தயங்கித் தயங்கி வாசற்படியில் நின்று, விரலை நீட்டி ஒரு துளியைப் பிடித்து, நக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"நம்மளுது!" என்று கத்தினார். "நம்மளுதுதான்!"

அந்தச் சொல் தெருத்தெருவாக ஓடியது. ஊர் மொத்தமும் வெளியே வந்து நனைந்தது. குடம் வைத்தார்கள், அண்டா வைத்தார்கள், பித்தளைத் தவலையைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்தார்கள். நேற்று நாக்கை வழித்தவர்கள் இன்று நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். இது எங்கள் அப்பாவின் வாசம் என்று ஒருவர் கண்கலங்கினார். குழந்தைகளுக்குச் சங்கில் புகட்டினார்கள். கோயிலில் அதைச் சாமிக்கு ஊற்றி, வழிந்ததைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் ருக்குமணி அதிலேயே உலை வைத்திருந்தாள்.

"உப்பே போடல, பாருங்க எப்படி இருக்குதுன்னு," என்று பெருமையாகப் பரிமாறினாள். கந்தப்பர் ரசத்தைக் கையில் ஏந்தி உறிஞ்சினார். இளவழகன் விரல் விரலாக நக்கினான். முழங்கை வரை வழிந்ததையும் விடவில்லை. பூங்கோதை இலையை விட்டு எழுந்துவிட்டாள்.

"உனக்கு வேண்டாட்டி வேண்டாங்கண்ணு," என்றாள் ருக்குமணி அன்பாக. "உனக்குத் தனியா போர்த் தண்ணியில வச்சிடறேன்."

வெள்ளிக்கிழமை ஊர் மழைக்குத் தயாராக இருந்தது. கந்தப்பர் சூளையின் பின்பக்கம் திறந்த வேனைக் கொண்டுவந்து தெரு நடுவில் நிறுத்தி, அதன் மேல் பிளாஸ்டிக் டிரம்களை நெருக்கி ஏற்றி வைத்திருந்தார். அடுத்து வரப்போகிற, மகள் வழிப் பேரனின் காதுகுத்துக்குப் பாயசம் அந்த மழையில்தான் என்று முடிவாகியிருந்தது. மழை வலுத்து டிரம்கள் நிரம்பிக்கொண்டிருந்தபோது கிழக்கேயிருந்து மாதம்மாள் ஓடிவந்தாள்.

"குடத்துப் பக்கம் வராத!" என்று ஒரு வீட்டிலிருந்து சத்தம் வந்தது. "தள்ளிப் போ! தள்ளிப் போ!"

அவள் தெரு நடுவிலேயே வந்து வேனுக்கு முன்னால் நின்றாள். "அய்யா, எம் புருசன் உளுந்துட்டான். பேச்சில்ல. ஒடம்பு கொதிக்குது. ஆஸ்பத்திரிக்கு வண்டி குடுங்கய்யா."

கந்தப்பர் டிரம்களைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"இறக்கி வெக்க ஆளு வேணுமே. முக்காவாசி ரொம்பிடுச்சு. மழ இப்ப நின்னுடும், நின்னதும் அனுப்பறேன். நெழலாப் படுக்கப் போடு."

"நெழல்லதான்யா உளுந்தான்!"

பூங்கோதை இளவழகனைப் பார்த்தாள். அவன் ஒரு டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இலை தழை விழாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வேனில் ஏறினாள். முதல் டிரம்மைத் தோளால் முட்டினாள், அசையவில்லை. முதுகை வண்டியில் முட்டுக்கொடுத்து ரெண்டு காலாலும் உதைத்தாள். அது சரிந்து தெருவில் விழுந்து உடைந்தது. ஊர், அது ஏதோ குழந்தை விழுந்த மாதிரி அலறியது. அவள் அடுத்ததை உதைத்தாள், அதற்கடுத்ததையும் உதைத்தாள். உடைந்து ஓடியதைப் பெண்கள் முந்தானையால் ஒற்றி ஒற்றிப் பாத்திரத்தில் பிழிந்தார்கள். ஒரு பெரிய மனிதர் மண்டி போட்டுச் சாக்கடையில் கலக்குமுன் குடித்தார். மாதம்மாளும் வேனில் ஏறிக்கொள்ள, டிரைவர் யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

எல்லப்பனைத் தூக்கி வண்டியில் கிடத்தியபோது பூங்கோதைதான் தலையைப் பிடித்திருந்தாள். சூளையிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி இருந்தது. கழுத்திலோ மார்பிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "வேர்க்கறது எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார். மாதம்மாளுக்குத் தெரியவில்லை. உள்ளே எல்லாருடையதும் எல்லார் மேலும் சொட்டிக்கொண்டிருந்தது, அவனுடையது நின்றுபோனதை யார் கண்டார்கள்? இருட்டுவதற்கு முன் அவன் இறந்துபோனான்.

சனிக்கிழமை அவனைப் புதைத்தார்கள். சாயங்காலம் இளவழகன் வழக்கம்போல ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தான்: உடல்நலக் குறைவால் தொழிலாளி மரணம், அடுத்து வானிலை, பகலில் வெப்பம், பிற்பகலில் இடியுடன் மழை. பூங்கோதை அதை மடித்து உட்காரும் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்தாள்.

"எல்லப்பன் தார்ப்பாய்க்குள்ள வெந்து செத்தாரு," என்றாள். செய்திக் குரல் அவளுக்கு வரவில்லை, வீட்டில் பேசுகிற குரல்தான் வந்தது. "அது எங்க மாமனார் கட்டினது. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நலம்னு நான் படிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இருந்துச்சு, அதுல டிரம் இருந்துச்சு. நீங்க குடிக்கிறது என்னன்னு தெரிஞ்சுதான் குடிக்கிறீங்க. எனக்கு உங்களப் பாத்தாக் கொமட்டுது."

ஊர் அதை ஒவ்வொரு வீட்டிலும் பார்த்தது. திட்டு வரும், கல் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பொண்ணு நல்லாத்தான் பேசுது, மனசுல பட்டதச் சொல்லுது என்று சொல்லிவிட்டு, சொம்பிலிருந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, சீரியல் வருகிற சேனலுக்கு மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலும் யாரும் சத்தம் போடவில்லை. கந்தப்பர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "போனவன் போயிட்டான், நீ ஏன் ஒடம்பக் கெடுத்துக்கற?" என்றான் இளவழகன். "ரெண்டு நாளா செரியாவே சாப்பிடல," என்று ருக்குமணி மோர் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பூங்கோதை தாகத்தில் அதை ஒரே மூச்சில் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலனி காலியானது. சூளை ஆட்கள் வேறு மாவட்டத்தில் வேலை பேசிக்கொண்டு, சட்டி பானையும் கட்டிலும் கோழிக்கூடையுமாக ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பூங்கோதை அங்கே போய் நின்றாள். எதற்குப் போனாள் என்று அவளுக்கே தெளிவில்லை. மாதம்மாள் மகளைத் தூக்கி லாரியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மாதம்மா," என்றாள் பூங்கோதை. "நான் டிவியில சொன்னேன்."

"பாத்தேன்."

மாதம்மாள் மிச்சமிருந்த கோழிக்கூடையைத் தூக்கி லாரியில் வைத்தாள். மேற்கே இடித்தது. பொட்டலில் முதல் துளிகள் விழுந்து புழுதி எழும்பியது. மாதம்மாள் சட்டென்று முந்தானையை இழுத்து மகளின் தலையைப் போர்த்தினாள்.

"வாய மூடிக்க பாப்பா. மூஞ்சியத் தொடச்சுக்க. உள்ள போச்சா? துப்பு, துப்பு."

பெண் குழந்தை குனிந்து தரையில் துப்பியது. அது துப்பிய இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பூங்கோதை ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"நீங்களும் தள்ளிக்கங்கம்மா," என்றாள் மாதம்மாள், லாரியில் ஏறிக்கொண்டே. வெறுப்பாகச் சொல்லவில்லை, சாலையில் போகிறவர்களிடம் சொல்வதைப்போலச் சொன்னாள். "உங்க மேலயும் அந்த வாசந்தான் அடிக்குது. கொழந்த வாந்தி எடுத்துரும்."

லாரி போனது. பூங்கோதை மழையில் நின்றாள். உச்சியிலிருந்து வழிந்தது நெற்றியில் இறங்கி மூக்கோரமாக ஓடி உதட்டிடுக்கில் நுழைந்தது. அவள் துப்புவதற்காக வாயைக் கூட்டினாள். அப்போதுதான் தெரிந்தது: கரிக்கவில்லை. நாக்கை நீட்டி இன்னும் கொஞ்சம் பிடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை, நாற்றம் இல்லை, தொண்டையில் ஒன்றும் புரளவில்லை. வியாழக்கிழமையிலிருந்து தனியாக வைத்தேன் தனியாக வைத்தேன் என்று மாமியார் ஊட்டிய சோறும் குழம்பும் காப்பியும் மோரும் எதில் வைத்தவை, தன் நாக்கு எப்படிப் பழகிப்போனது என்று அவளுக்கு விளங்கியது.

விரலைத் தொண்டைக்குள் விட்டாள். வரவில்லை. மணிக்கட்டு பல்லில் இடிக்கிற வரைக்கும் விட்டாள். மூச்சு முட்டிக் கையை உருவிக்கொண்டு அண்ணாந்தாள். நெடுங்கரட்டின் மழை வெதுவெதுப்பாக வாய் நிறைய விழுந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத தொண்டை, அவளைக் கேட்காமலே, அதை மடக் மடக்கென்று விழுங்கியது.